வெயிலில் பாடிய மிதிபெட்டி

நம் பள்ளிக்கூடத்து செட்டில் இன்னும் சிலர் என்னைக் கண்டால் ‘தட்டுக்காரி’ என்கிறீர்கள். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், பேரன் பேத்தி எடுத்த ஒருத்தி பந்திக்கு நடுவில் நின்று கேட்கிறாள்: “ஏட்டி, ஒனக்கு இலை போட்டாச்சா? பலிபீடத்துப் பக்கமே தட்டைத் தூக்கிட்டு நின்னவளாச்சே நீ.” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நம் ஊர் வேதக்கோயில் பிரதிஷ்டை பண்டிகையன்று, ஆராதனை முடியுமுன்னே, கோயிலுக்குள் எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டோடு நான் இருந்தேன் என்பது உண்மை. ஏன் என்று நீங்கள் யாரும் கேட்டதில்லை. பசி என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்கள். வாத்தியார் வீட்டில் பிள்ளைக்குச் சோறு போடவில்லை என்றுகூடச் சொன்னவர்கள் உண்டு.

எட்டாம் வகுப்புக்கு மேல் நான் பள்ளிக்கூடத்துப் படி ஏறியதில்லை. எழுத்தில் பிழை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது. பாளையங்கோட்டையில் மோட்டார் காயில் கட்டுகிற கடை என்றால் முதலில் என் கடையைத்தான் கை காட்டுவார்கள். ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வாழைத் தோட்டங்களில் தண்ணீர் இறைக்கிற மோட்டார்களைக் கழற்றிப் பாருங்கள், பாதிக்கு மேல் என் கை சுற்றிய கம்பி. பொம்பளை கட்டின காயில் நிற்குமா என்று கேட்டவர்களின் மகன்மார் இன்று மோட்டாரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு என் கடை வாசலில் காத்து நிற்கிறார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகவும்தான் சொல்கிறேன். ஆனால் முக்கியமாக, ஒரு பெட்டியைத் திறந்து அதற்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கிற குணம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்வதற்காக. அது அந்தப் பண்டிகை வந்த கோடை விடுமுறையில், கிட்டாரோடு மாட்டுகிற ஒரு மிதிபெட்டியிலிருந்து வந்தது.

எங்கள் வீடு உங்களுக்குத் தெரியும். வாய்க்கால் கரையில், ஓடு போட்ட வீடு. அப்பா ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியர். கோயில் பாடகர் குழுவுக்கும் அவர்தான் தலைவர். வீட்டிலும் அவர் கை உயர்ந்தால் ஆரம்பிக்க வேண்டும், இறங்கினால் நிறுத்த வேண்டும். அவருடைய தம்பி, எங்கள் சித்தப்பா, எங்களோடுதான் இருந்தார். சித்தப்பாவிடம் ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் இருந்தது. திருநெல்வேலியில் யாரோ மெல்லிசைக் குழுக்காரர் கழித்துப் போட்டதை வாங்கி வந்திருந்தார். கழுத்தில் வார்னிஷ் உரிந்து, பிடிக்கிற இடமெல்லாம் கை வியர்வையில் கறுத்துப்போன கிட்டார்.

அந்த வீட்டில் என்னிடம் “இது எப்படி ஓடுதுன்னு சொல்லு பாப்போம்” என்று கேட்ட ஒரே ஆள் சித்தப்பா. அலாரம் கடிகாரத்தைப் பிரித்தேன், அவர் என்னை அடிக்கவில்லை. டார்ச் லைட்டைப் பிரித்தேன், சேர்ந்து உட்கார்ந்து மாட்டிக் கொடுத்தார். அப்பா கேட்கிற கேள்விகளுக்கு அவரிடமே பதில் இருக்கும். சித்தப்பா கேட்கிற கேள்விகளுக்கு அவருக்கும் பதில் தெரியாது. அதனால்தான் அவரோடு இருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

அந்த வருடப் பண்டிகையில் ஒரு கீர்த்தனைக்குக் கிட்டார் வாசிக்கச் சபைக் குருவானவர், அதாவது நம் வழக்கில் ஐயர், சம்மதம் கொடுத்துவிட்டார். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. சாயங்காலம் கூடத்தில் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே ஆரம்பித்தார்.

“ஏலே, கோயில்ல என்ன ரெக்கார்டு டான்ஸா நடக்குது?”

“ஒரே ஒரு பாட்டுண்ணே. ஐயரே சரின்னுட்டாரு.”

“ஐயர் சொன்னா நான் மறுக்கல. ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. அத்தன சனத்துக்கு முன்னால நம்ம குடும்பத்துக்கு ஒரு தலைகுனிவு வந்துச்சோ, மறுநா காலைல நீ திசையன்விளை பஸ்ஸுல இருக்கணும். அங்கன மச்சான் கடைல அரிசி மூடைய அடுக்கு. இந்தத் தந்தி அடிக்க சோலியெல்லாம் அதோட முடிஞ்சுது.”

“சரிண்ணே.”

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். அப்பா சொன்னால் சொன்னதுதான் என்று எல்லாருக்கும் தெரியும். அன்று எனக்கு அப்பா ஒரு மனிதராகவே தெரியவில்லை, சுவரில் மாட்டிய சட்டமாகத் தெரிந்தார். அன்று அவருக்கிருந்த வயதை நானே தாண்டி வெகுகாலம் ஆன பிறகு இப்போது யோசிக்கிறேன். சித்தப்பா அதற்கு முந்தின வருடம் ஒரு கச்சேரிக் குழுவோடு ஊர் ஊராகப் போய், காய்ச்சலோடு, எலும்பும் தோலுமாக வாழை லாரியில் வந்து இறங்கினார். அவரைத் தூக்கி உள்ளே கொண்டுவந்து, ஈரத்துணி போட்டுத் துடைத்தவர் அப்பா. கிட்டாரைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு அந்த லாரிதான் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். நான் அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டேன். பயமும் வெளியே வரும்போது கோபத்தின் முகத்தோடுதான் வரும் என்று பிள்ளைக்கு யார் சொல்வது?

அந்த மிதிபெட்டி அந்த சமயத்தில்தான் வந்தது. கப்பலில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, விடுமுறைக்கு வரும்போது ஏதோ ஒரு துறைமுகத்துக் கடையிலிருந்து சித்தப்பாவுக்காகத் தூக்கி வந்தார். சாம்பல் நிற இரும்புப் பெட்டி. துணி தேய்க்கிற கரி இஸ்திரிப் பெட்டி மாதிரி கனம். மேலே காலை வைத்து முன்னும் பின்னும் சாய்க்கிற மிதி, அதன்மேல் வரிவரியாகக் கறுப்பு ரப்பர். கிட்டார்க் கம்பியை இந்தப் பெட்டிக்குள் கொடுத்து, பெட்டியிலிருந்து இன்னொரு கம்பியை ஆம்ப்ளிபயருக்குக் கொடுக்க வேண்டும். பெட்டிக்குத் தனியாகக் கரண்டு.

முதல் தடவை சித்தப்பா அதை மிதித்தபோது வாய்க்காலில் துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். மிதியைப் பின்னால் சாய்த்தால் கிட்டார் ‘ஊ’ என்று குடத்துக்குள் பேசியது. முன்னால் அழுத்தினால் ‘ஆ’ என்று வாய் திறந்தது. ஆட்டி ஆட்டி மிதித்தால் கைக்குழந்தையின் வாயை மூடி மூடித் திறப்பதுபோல ‘வா வா வா’ என்றது. நீங்கள்கூட ஒரு வாரம் தெருவில் அப்படியே கத்திக்கொண்டு ஓடினீர்கள், மறந்திருப்பீர்கள்.

கரண்டு போட்டால் பெட்டியின் ஓரத்தில், தகடும் தகடும் சேர்கிற இடத்தில், மயிரிழை மாதிரி ஒரு மஞ்சள் கோடு தெரியும். சூடேறிய தூசியின் வாசனை வரும். சித்தப்பா வாசித்து முடித்து எழுந்ததும் எங்கள் வீட்டுப் பூனை வந்து பெட்டியை ஒட்டி வயிற்றை வைத்துப் படுத்துக்கொள்ளும்.

பண்டிகை நெருங்கிய சமயம். நம் ஊர்க் கரண்டு அப்போது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். வயக்காட்டு மோட்டார்கள் ஓடும்போது பல்பு அகல்விளக்கு மாதிரி அழும். எல்லாம் ஒரேயடியாக நின்றால் வெடிக்கிற மாதிரி எரியும். ஒரு மத்தியானம் அப்படித்தான் கரண்டு குபீரென்று ஏறி இறங்கியது. அதோடு பெட்டி கெட்டது. சத்தம் வந்தது, ஆனால் கம்பளிக்குள் சுற்றி வைத்தது போன்ற சத்தம். மிதியை எப்படி ஆட்டினாலும் ‘ஊ’ தான். பூனையும் அதன் பக்கம் போகவில்லை. பூனை போகவில்லை என்பதை நான் கவனித்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு எட்டவில்லை.

மறுநாள் காலையில் சித்தப்பா பெட்டியையும், கிட்டாரையும், என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீவைகுண்டம் பஜாருக்குப் போனார். அங்கே ரேடியோ அண்ணாச்சி கடை. சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் அண்ணாச்சிதான். வெயிலைப் பார்த்த கடை. முன்பக்கம் மேசை போட்டு, வெளிச்சத்தில் வைத்துத்தான் வேலை பார்ப்பார். செத்துப்போன ரேடியோக்களை எழுப்பிவிட்டவர். நான் இன்று ஈயம் வைக்கிற விதம் அவரிடம் பார்த்ததுதான். அவரை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

பெட்டியைக் கவிழ்த்து, அடித்தகட்டைக் கழற்றினார். உள்ளே ஒரு பச்சைப் பலகையில் சின்னச் சின்ன சாமான்கள். ஒரு ஓரத்தில் கண்ணாடி கறுத்துப்போன சின்ன பல்பு.

“பல்பு போயிட்டு,” என்றார் அண்ணாச்சி.

“அதனாலயா இருக்குமோ அண்ணாச்சி?” என்று சித்தப்பா கேட்டார்.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். “தம்பி, ஒம்ம வீட்டு ரேடியோல டயல் பல்பு எரியுதா?”

“அது போயி நாளாச்சு.”

“பாட்டு வருதா?”

“வருது.”

“பெறவு என்னவே? பல்பு போனா பாட்டு நிக்குமா? ரேடியோல முள்ளு நிக்க இடம் தெரியணும்னு பல்பு வச்சான், அதுல ஒரு ஞாயம் இருக்கு. மூடுன பெட்டிக்குள்ள யாரு பாக்கதுக்குவே வெளக்கு? கரண்டுக்குப் பிடிச்ச தண்டம்.” பல்பைப் பிடுங்கி, கெட்ட பல்பு போடுகிற தகர டப்பாவுக்குள் போட்டார். டிங் என்றது.

வாழ்நாள் முழுக்க ரேடியோ திறந்தவர். ரேடியோவில் பல்பு அழகுக்கு. அவர் பார்த்த ஆயிரம் பெட்டியிலும் அது சரியாக இருந்தது. இந்த ஒரு பெட்டியில் தப்பானது.

தன் கடை ஆம்ப்ளிபயரில் மாட்டி, கரண்டு போட்டு, “வாசியும்” என்றார். பெட்டி இன்னும் திறந்தே கிடந்தது. சித்தப்பா ஒரு தந்தியைச் சுண்டினார். ‘ஆ’ என்று பளிச்சென்று வந்தது.

“பாத்தீரா? சரியாயிட்டு.”

அடித்தகட்டை மூடி மாட்டினார். ‘ஊ’ என்றது. திறந்தார், ‘ஆ’. மூடினார், ‘ஊ’. மிதியை ஆட்டினால் இரண்டிலும் ஒரு மாற்றமும் இல்லை.

“எங்கனயோ லூசு கனெக்ஷன் இருக்கு. மூடும்போது தகடு இடிக்கி,” என்று சொல்லி, பலகையில் இருந்த ஒவ்வொரு முனைக்கும் மறுபடி ஈயம் வைக்க ஆரம்பித்தார். ஈயப் புகையின் இனிப்பும் கசப்புமான வாசனை இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. அது என் தொழிலின் வாசனையாகப் பிற்காலத்தில் ஆனது என்பது வேறு. அன்று எனக்குக் கண் எரிந்தது. திசையன்விளை பஸ் எத்தனை மணிக்கு என்று சித்தப்பா பேச்சோடு பேச்சாக அண்ணாச்சியிடம் கேட்டார்.

ஈயம் வைத்து முடித்து, பெட்டியைத் திறந்தபடியே வைத்து, சித்தப்பா மெதுவாகச் சுண்டிக்கொண்டிருந்தார். ‘ஆ’, ‘ஆ’, ‘ஆ’ என்று வந்துகொண்டிருந்தது. அப்போது வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று கடை வாசலில் வந்து நின்றது. கடை இருண்டது. கிட்டார் ‘ஊ’ என்று இறங்கியது.

“வோல்ட்டேஜ் கொறையுது,” என்றார் அண்ணாச்சி.

லாரி நகர்ந்தது. ‘ஆ’ என்று ஏறியது.

“வோல்ட்டேஜ் வந்துட்டு.”

நான் மேசைப் பக்கம் போய் பெட்டிக்கு மேலே கையை நீட்டினேன். ‘ஊ’. எடுத்தேன். ‘ஆ’.

“ஏட்டி, கைய எடு, கரண்டு அடிக்கும்.”

“நான் தொடல அண்ணாச்சி. நிழல்தான் தொடுது.”

அண்ணாச்சி சிரித்தார். சித்தப்பா சிரிக்கவில்லை. “இன்னொரு தரம் செய்யி,” என்றார். தந்தியைச் சுண்டிவிட்டு என் கையையே பார்த்தார். கையைப் பைய நகர்த்தினேன். மிதித்து வர வேண்டிய அந்த ‘வா வா வா’ என் கை நிழலில் வந்தது. அண்ணாச்சி எழுந்து வந்து தன் கையை நீட்டிப் பார்த்தார், பிறகு துண்டை நீட்டிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“அப்ப இது வெயிலுல ஓடுத பெட்டி,” என்றார். “வெளிநாட்டுக்காரன் கரண்ட மிச்சம் பிடிக்க இப்படிச் செஞ்சிருப்பான்.”

“அப்ப பிளக்கு எதுக்கு அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“அது மழைக்காலத்துக்கு,” என்றார் கொஞ்சமும் யோசிக்காமல்.

போன வருடம் ஒரு கல்யாணக் கச்சேரிக்காரர் இதே போல ஒரு பெட்டியை என் கடைக்குக் கொண்டுவந்தார். நான் மோட்டார்க்காரி, ஆனாலும் திறந்தேன். திறந்தவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அதன் கதை இவ்வளவுதான், நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். கிட்டார்ச் சத்தம் உள்ளே போய் ஒரு சல்லடை வழியாக வெளியே வருகிறது. கனத்த சத்தத்தை விடுவதா, கூரிய சத்தத்தை விடுவதா என்பது சல்லடையின் கையில். சல்லடையை மாற்றுவது மிளகு அளவில் ஒரு சாமான். கடைக்காரர்கள் அதற்கு எல்.டி.ஆர். என்பார்கள், எனக்கு அது கண். வெளிச்சம் பட்டால் அந்தக் கண் கரண்டைத் தாராளமாக விடும், இருட்டில் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கண்ணுக்கு எதிரே பல்பு. இரண்டுக்கும் நடுவில், மிதியோடு சேர்ந்த ஒரு சின்னத் தகடு. வாய்க்கால் மடைக்குப் பலகை இறக்குகிறோமே, அதே வேலைதான். மிதியை அழுத்தினால் பலகை ஏறும், வெளிச்சம் பாயும், சத்தம் ‘ஆ’ என்று திறக்கும். பின்னால் சாய்த்தால் பலகை இறங்கும், வெளிச்சம் அடைபடும், ‘ஊ’. பெட்டியை மூடி வைத்ததே வெளி வெளிச்சம் உள்ளே வந்து கெடுத்துவிடக் கூடாது என்றுதான். மூடின பெட்டிக்குள் விளக்கைப் பார்க்க ஒரு கண் உள்ளேயே இருந்தது. எங்கள் அண்ணாச்சி விளக்கைப் பிடுங்கிவிட்டு, கண்ணை மட்டும் விட்டுவைத்தார்.

அன்று எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்தது பாதி. பாதி தெரிந்தவர்களுக்குத்தான் சந்தேகமே வராது. பல்பு இருந்த இடத்துக்கு நேரே, பக்கவாட்டுத் தகட்டில் அண்ணாச்சி ஒரு சன்னல் வெட்டினார். அடித்தகட்டை மூடி, சன்னலை வெயிலுக்குக் காட்டி வைத்ததும் மிதிக்கு மிதி பெட்டி வாய் திறந்தது. சித்தப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். எனக்கு அப்போதே தலை கனத்துவிட்டது. இன்னும் இறங்கவில்லை என்று நீங்கள் சொல்வீர்கள்.

அதற்குப் பிறகு ஒத்திகை வெயிலைப் பார்த்து நடந்தது. காலையில் சாய்வாக வரும் வெயில்தான் சன்னலுக்குள் நுழையும். சித்தப்பா முற்றத்தில் ஸ்டூலைப் போடுவார், வெயில் நகர நகர ஸ்டூலும் நகரும். உச்சி வெயிலில் பெட்டி ஊமை. அப்பா பல் துலக்கிக்கொண்டே நின்று பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்: “இவன் கிட்டார் வாசிக்கானா, வத்தல் காயப் போடுதானா?”

பண்டிகைக்கு முந்தின நாள் ஆராதனை நேரத்துக்கு நானும் சித்தப்பாவும் கோயிலுக்குப் போனோம். பலிபீடத்துக்குப் பக்கத்தில், பாடகர் குழு உட்கார்கிற மூலையில், கிழக்குச் சன்னல் ஒன்று உண்டு. பிரசங்கம் முடிகிற நேரத்துக்கு வெயில் எங்கே விழுகிறதோ அந்த இடத்தில் சித்தப்பா சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டார். பாட்டு பிரசங்கத்துக்குப் பிறகு. பாட்டு முடிந்ததும் ஜெபம், ஜெபம் முடிந்ததும் வெளியே எல்லாருக்கும் அசனச் சாப்பாடு. எல்லாம் கணக்காக இருந்தது.

நாங்கள் கணக்கில் சேர்க்காதது, பண்டிகைக்கு வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியாரை. மனிதர் ‘கடைசியாக’ என்று சொன்ன பிறகு பல விஷயங்கள் சொன்னார். சூரியன் ஏற ஏற வெயில் துண்டு சுண்ணாம்புக் கோட்டை விட்டு நகர்ந்து, பெட்டியை விட்டு இறங்கி, சுவரோரம் ஒதுங்கியது. பெட்டி நிழலில். கம்பிகள் குட்டை, பெட்டியை இழுத்து நகர்த்த வழியில்லை. சித்தப்பா வெயிலைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், பெண்கள் பக்கம் முதல் பாயில் இருந்த என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் திசையன்விளை எழுதியிருந்தது.

நான் எழுந்து பக்கவாசல் வழியாக வெளியே ஓடினேன். வேப்பமரத்தடியில் அண்டா அண்டாவாகச் சோறு, கறிக்குழம்பின் ஆவி. அசனத்துக்கு வீட்டிலிருந்து கொண்டுவந்த தட்டுகளை எல்லாரும் மரத்தடியில் அடுக்கியிருந்தார்கள். எங்களுடையது புதுத்தட்டு, முகம் பார்க்கலாம். எடுத்துக்கொண்டு உள்ளே வந்து, கிழக்குச் சன்னலுக்குக் கீழே, வெயில் ஒதுங்கின இடத்தில் சுவரோடு உட்கார்ந்தேன்.

பிரசங்கம் முடிந்தது. அப்பா குழுவுக்கு முன்னால் வந்து கையை உயர்த்தினார். பாட்டு ஆரம்பித்தது. கிட்டார் ‘ஊ’ என்று கம்பளிக்குள்ளிருந்து வந்தது. நான் தட்டில் வெயிலை வாங்கித் திருப்பினேன். வெளிச்சம் முதலில் விட்டத்துக்குப் போனது, பிறகு பெண்கள் பக்கம் முகம் முகமாக ஓடியது. அப்போதுதான் நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். பிறகு இறங்கி, பெட்டியின் மேல் ஏறி, சன்னலுக்குள் விழுந்தது.

கிட்டார் வாய் திறந்தது. சித்தப்பாவின் கால் மிதிக்க மிதிக்க, ஒரு மனிதக் குரல் குழுவுக்குள் புதிதாகச் சேர்ந்துகொண்டது போல இருந்தது. முன் பாயில் கிடந்த கைக்குழந்தை ஒன்று அழுகையை நிறுத்தித் திரும்பிப் பார்த்தது.

அப்பாவும் திரும்பினார். பார்த்தது சத்தத்தை அல்ல, என்னை. பலிபீடத்துப் பக்கம், ஜெபம்கூட முடியாமல், சோற்றுத் தட்டோடு தலைமை ஆசிரியர் மகள். கையை இறக்காமலே தாளம் போட்டுக்கொண்டு என்னிடம் நடந்து வந்தார். எனக்கும் பெட்டிக்கும் நடுவில் வந்து நின்றார். கிட்டார் ‘ஊ’ என்று மூடிக்கொண்டது.

“ஏட்டி, தட்டக் கீழ வை,” என்றார் பல்லுக்குள்.

“மாட்டேம்பா.”

அந்த வார்த்தையை அவரிடம் நான் அதுவரை சொன்னதில்லை. அவருடைய தாளம் போடும் கை நின்றது.

“வச்சா சித்தப்பா திசையன்விளைக்குப் போயிருவாரு.”

அவர் குனிந்து பார்த்தார். வெளிச்சம் அவருடைய வெள்ளைச் சட்டையில், வயிற்றுக்கு மேலே, வட்டமாக நின்றது. திரும்பித் தம்பியைப் பார்த்தார். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு, ஒரு பயனும் இல்லாமல் மிதியை ஆட்டிக்கொண்டிருந்தார். அப்பா அரை அடி விலகினார். கிட்டார் பாதி திறந்தது. திரும்ப வந்து நின்றார், மூடியது. தன் சட்டையில் நின்ற வெளிச்சத்தை மறுபடி ஒருமுறை பார்த்தார். பிறகு முழுசாக விலகினார். ‘ஆ’ என்று கோயில் நிறைய வந்தது. நடுவில் ஒரு இடத்தில் கிட்டார் தாழ்ந்து, தயங்கி, எழுந்தது ரொம்ப உருக்கமாக இருந்தது என்று பிற்பாடு நீங்கள் பலர் சொன்னீர்கள். அது எங்கள் அப்பா.

குழுவுக்கு முன்னால் அவர் திரும்பிப் போகவில்லை. கை காட்ட ஆள் இல்லாமல் குழு தானாகவே பாடியது. கடைசிச் சரணத்தில் வெயில் இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. வெளிச்சம் பெட்டியின் சன்னலை விட்டு வழுக்கியது. அப்போது அப்பா என் பக்கத்தில் முழங்காலிட்டு, தட்டின் மறு விளிம்பைப் பிடித்து, துளி சாய்த்தார். வெளிச்சம் திரும்பப் போய் உட்கார்ந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. பாட்டு முடிகிறவரை இரண்டு பேரும் பிடித்திருந்தோம். ஜெபம் என்று நினைத்துச் சிலர் முழங்காலிட்டீர்கள். தட்டைப் பிடித்தவள் என்று என்னைச் சொல்கிறீர்களே, மறு பக்கம் பிடித்திருந்தவரை உங்களில் ஒருவர்கூடச் சொன்னதில்லை.

வெளியே பந்தி உட்கார்ந்தது. சித்தப்பா எனக்கு எதிர் வரிசையில் இருந்தார். தட்டில் சோறு இருந்தது, அவர் கை அதில் இறங்கவில்லை. துணிமணியை முந்தின நாளே பைக்குள் எடுத்து வைத்துவிட்டார் என்று எனக்குத் தெரியும். இவ்வளவு நடந்த பிறகு இது தலைகுனிவா, இல்லையா என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை. பாடகர் குழுத் தலைவரின் மகள் கோயிலுக்குள் தட்டேந்தியதைப் பற்றி அடுத்த வரிசையில் சிரிப்பு நடந்துகொண்டிருந்தது. அது அப்பா காதிலும் விழுந்திருக்கும்.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டி, குழம்பு வாளியோடு வரிசையில் வந்தார். ஒவ்வொரு தட்டாக ஊற்றிக்கொண்டு வந்து சித்தப்பாவுக்கு முன்னால் நின்றார்.

“ஏலே, அடுத்த ஞாயித்துக்கிழமை ஒம் பாட்டப் பிரசங்கத்துக்கு முன்னால வைக்கச் சொல்லி ஐயர்ட்ட கேட்டிருக்கேன்,” என்றார். “பிரசங்கத்துக்குப் பெறவுன்னா வெயிலு பெட்டிய விட்டு எறங்கிப் போயிருது.”

சித்தப்பா நிமிர்ந்து பார்த்தார். அவர் கை சோற்றில் இறங்கியது.

“கொழம்பு போதுமா?” என்று கேட்டார் அப்பா. பதிலுக்குக் காத்திராமல் இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டு, அடுத்த தட்டுக்கு நகர்ந்தார்.